மூட்டில் தெரிந்த வளைவு

என் வீட்டுக்காரர் நீளமான பலகை எதையாவது அறுக்க வேண்டும் என்றால் முதலில் குப்புறப் படுப்பார். அல்லிநகரத்தில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருந்தோம். முன்பக்கம் திறந்த கொட்டகை என்பதால் தெருவில் போகிறவர்களுக்கு அவர் கிடக்கும் கோலம் நன்றாகத் தெரியும். "என்னத்தா, ஆசாரிக்கு மயக்கமா?" என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். "ஆமா, மரத்தப் பாத்து மயங்கிட்டாக" என்பேன். என் வாய் எப்போதும் அப்படித்தான். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் படுப்பது மயக்கத்தால் அல்ல, தண்டவாளத்தின் மூட்டைப் பார்ப்பதற்காக. எங்கள் வீட்டில் தண்டவாளம் என்றால் போடி ரயில் போகிற பாதை இல்லை. எழுபதுகளின் கடைசியில், மலை மேலே எஸ்டேட்டில் கட்டட வேலை முடித்துக் குமுளி வழியாக இறங்கிவந்த ஒரு மலையாளி மேஸ்திரி, தன்னிடமிருந்த ரம்ப மெஷினை இவரிடம் விற்றுவிட்டுப் போனார். கையில் பிடித்துத் தள்ளுகிற மெஷின். கரண்டு கொடுத்தால் வட்டத் தகடு சுழலும். வேகம் உண்டு, புத்தி கிடையாது. கை கொஞ்சம் நடுங்கினாலும் கோட்டை விட்டு ஓடிவிடும்.

இவர் அதைக் கட்டிப்போட ஒரு வழி கண்டுபிடித்தார். மெஷினின் அடித்தட்டில் நடுவில் பள்ளம் விழுந்த ஒரு இரும்புக் காடி வைத்து முடுக்கினார். அலுமினிய சானல் ஒன்றைப் பலகை மேல் இறுக்கிப் பிடித்து, அதன் விளிம்பில் அந்தக் காடியை உட்கார வைத்தார். அதற்குப் பிறகு மெஷின் இந்தப் பக்கமும் போகாது, அந்தப் பக்கமும் போகாது. முதல் தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, "ரயிலு மாதிரி போகுது பாரு" என்று சின்னப் பிள்ளைபோல் கூவினார். அன்றிலிருந்து அந்த சானலுக்குப் பெயர் தண்டவாளம்.

தண்டவாளம் இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் ஆள் உயரம் இருக்கும். தேனி கடைவீதியிலும் போடியிலும் கடைக்குக் கடை போய் வேலை பார்க்கிறவர், ஒரே நீளமாக வைத்துக்கொண்டால் சைக்கிளிலும் கட்ட முடியாது, பஸ் மேலே போட்டால் வளைந்துதான் கீழே வரும். அதனால் கதவு, அலமாரி என்றால் ஒரு துண்டு. கடைகளின் முன்மேசை மாதிரி நீள வேலை என்றால் இரண்டையும் முட்டவைத்து, உள்ளே ஒரு இரும்புப் பட்டை கொடுத்து, போல்ட் போட்டு ஒன்றாக்குவார். சங்கடமெல்லாம் அந்த மூட்டில்தான். அங்கே மயிரிழை கோணினாலும் ரம்பம் அது பாட்டுக்கு ஓடிவிடும். அறுத்து முடித்த பிறகு பலகைதான் காட்டிக்கொடுக்கும்.

மற்ற ஆசாரிகள் மூட்டுக்கு நூல் பிடித்துப் பார்த்திருப்பார்கள். இவர் நூலை நம்பமாட்டார். எங்கள் பக்கத்து ஆடிக் காற்று தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் போட்ட சேலை அடுத்த தெருவில் கிடக்கும். "நூலு ஆடும். கண்ணு ஆடுமா?" என்பார். பலகையின் ஒரு முனையில் தாடையை வைத்துப் படுத்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் தண்டவாளத்தின் விளிம்பைக் கடைசி வரைக்கும் பார்ப்பார். இளவட்டத்தில் மரச்சில்லு தெறித்து இடது கண் மங்கிப்போயிருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. அவருக்கு இருந்ததெல்லாம் அந்த வலது கண்தான்.

மூட்டுப் பக்கத்தில் கொட்டாப்புளியோடு நான் உட்கார்ந்திருப்பேன். என் அப்பா கடமலைக்குண்டில் வண்டி செய்கிறவர், அதனால் மரச்சுத்தியலைப் பிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "ஒன் பக்கம் ஒரு தட்டு" என்பார். தட்டுவேன். "கூடிப்போச்சு. எம் பக்கம் பாதித் தட்டு." ஒன் பக்கம் என்றால் தட்டுகிறவர் உட்கார்ந்திருக்கும் பக்கம், எம் பக்கம் என்றால் அதற்கு எதிர்ப்பக்கம். பாதித் தட்டு எவ்வளவு என்று அவருக்கும் எனக்கும்தான் தெரியும். "சேந்துருச்சு" என்று அவர் சொன்னதும் போல்ட்டை முடுக்குவேன். எங்கள் மகள் போடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு, நாங்கள் இருவரும் ஒருநாளில் பேசிக்கொண்டதில் பாதிக்கு மேல் இந்தத் தட்டுப் பேச்சாகத்தான் இருக்கும். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில் வந்தது. அவர் என்னை ஏறெடுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தால் என் முகத்தைப் பார்க்காமல் என் காதுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு பேசுவார். நான் நகர்ந்தால் அவர் பார்வையும் நகரும், ஆனால் முகத்துக்கு வராது. "என்ன, காதுல புதுசா கம்மல் போட்டிருக்கேனா? அங்கனயே பாக்குறீக?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். "சும்மா இரு" என்று எழுந்து போய்விட்டார். அதன் பிறகு சிரிக்காமல் கேட்டேன். அதற்கும் எழுந்துதான் போனார். முகம் கொடுத்துப் பேசக்கூடப் பிடிக்காத அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குள்ளேயே பொருமினேன். மகள் போன வீட்டில் என்னோடு மட்டும் இருப்பது அவருக்குக் கசந்துவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டேன். பதிலுக்கு நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த ஆடியில் தேனியில் ஒரு ஜவுளிக்கடைக்கு முன்மேசை செய்ய ஒப்புக்கொண்டிருந்தார். நல்ல தேக்கு. அகலம் போதாததால் இரண்டு நீளப் பலகைகளைப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி மேல்பலகை ஆக்க வேண்டும். இரண்டின் விளிம்பும் நூல் பிடித்தது போல் இருந்தால்தான் ஒட்டுத் தெரியாமல் சேரும்.

தண்டவாளத்தை மூட்டினோம். நான் மூட்டை நகத்தால் தடவிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. அவர் படுத்துக்கொண்டு, "நடுவுல வளஞ்சிருக்கே. ஒன் பக்கம் தட்டு" என்றார். தட்டினேன். "இன்னும்." தட்டினேன். "இன்னுங் கொஞ்சம்." இவ்வளவு தட்டு அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் எங்களுக்குள்தான் பேச்சு சரியில்லையே, சொன்னதைச் செய்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். "சேந்துருச்சு" என்றார். முடுக்கினேன். இரண்டு பலகைகளையும் அறுத்தார்.

விளிம்போடு விளிம்பு முட்டவைத்து நிறுத்தியபோது இரண்டு முனையும் கச்சிதமாகச் சேர்ந்தன. நடுவில் இடைவெளி. வெளிச்சம் மட்டும் தெரிகிற இடைவெளி இல்லை, விரல் நுழைகிற இடைவெளி. இந்தப் பலகையில் பாதி, அந்தப் பலகையில் பாதி என்று குழிந்து, சேர்த்ததும் இரட்டிப்பாகிவிட்டது. அந்தப் பக்கம் அடித்த காற்று இடுக்கு வழியாக வந்து என் புறங்கையில் சில்லென்று பட்டது.

"நீ தட்டுன தட்டுல போல்ட்டு நழுவிருச்சு" என்றார்.

"நீங்க சொன்ன தட்டுத்தான் தட்டுனேன். நான் என்ன கனாக் கண்டா தட்டுனேன்?"

மறுபடி மூட்டி, மறுபடி படுத்துப் பார்த்து, மறுபடி அறுத்தார். அதே இடைவெளி. அவர் முகம் செத்துப்போயிற்று. அன்று முழுக்க இழைப்புளியைப் போட்டுக் கையாலேயே முனைகளை இழைத்து இழைத்து எப்படியோ சேர்த்தார். இழைக்கிறபோது கண்ணைவிடக் கட்டைவிரலைத்தான் அதிகம் நம்பினார் என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதன் அர்த்தம்தான் எனக்கு எட்டவில்லை. மேசை கடைக்குப் போய்ச் சேர்ந்தது, அகலம் மட்டும் குறைந்துபோயிற்று. ஜவுளிக்கடைக்காரர் நல்ல மனுஷன். "மேச கொஞ்சம் ஒடுக்கமாத் தெரியுதே ஆசாரி" என்றதோடு விட்டுவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

பழியை இரும்புப் பட்டை மேல் போட்டார். லேத் பட்டறையில் புதுப் பட்டை செய்து வாங்கி வந்தார். போல்ட்டுகளையும் மாற்றினார். படுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் வளவு போகல. சானலே கெட்டுப்போச்சு" என்றார். சானலைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு அதையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாள் காலையில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது வீட்டுக்குள் நின்று வாசல் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவரே செய்து வைத்த நிலை. "இது எப்ப வளஞ்சுச்சு?" என்றார்.

"எது?"

"நெலதான். எடது பக்கக் காலு நடுவுல உள்ள வாங்கியிருக்கு. செவரு எறங்கிருச்சு போல."

எனக்கு நிலை நேராகத்தான் தெரிந்தது. என் தட்டு மேல் பழி போட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. தச்சுப்பெட்டியிலிருந்து நூலை எடுத்தேன். நிலையின் மேலே ஆணியில் கட்டி, கீழே ஒரு கல்லைத் தொங்கவிட்டேன். காற்று வராமல் கதவைச் சாத்தினேன். நூல் ஆடி ஆடி நின்றது. நிலைக்காலும் நூலும் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒட்டிக்கொண்டு நின்றன.

"இப்பப் பாருங்க. ஒங்களுக்குப் பிடிக்காத நூலு. இது பொய் சொல்லுமா?"

அவர் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, "நூலும் வளஞ்சிருக்கு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "கல்லு தொங்குது. நூலு எப்பிடிங்க வளையும்?"

அவர் சிரிக்கவில்லை. கிட்டப் போய், கண்ணை மூடிக்கொண்டு, விரலால் நூலை மேலிருந்து கீழே தடவினார். திறந்து பார்த்தார். மறுபடி மூடித் தடவினார். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"தண்டவாளம் நேராத்தான் இருந்திருக்கு" என்றார். "நான்தான் ஒன்னையத் தட்டச் சொல்லி அதக் கோண வச்சிருக்கேன்."

அவர் சொன்னது எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நேரான தண்டவாளம் அவர் கண்ணுக்கு வளைவாகத் தெரிந்திருக்கிறது. அவர் கண்ணுக்கு நேராகத் தெரிகிற வரைக்கும் நான் அதைத் தட்டி வளைத்திருக்கிறேன்.

மதுரைக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர் அம்மா, சின்னச் சின்னக் கட்டம் போட்ட காகிதம் ஒன்றை அவர் கண்ணுக்கு நேரே பிடித்து, நடுவில் இருக்கிற புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். "கோடெல்லாம் எப்படித் தெரியுது?" என்று கேட்டார்கள். இவர் தச்சு வேலைக்காரர் பதில்தான் சொன்னார். "புள்ளிகிட்ட எல்லாக் கோடும் உள்ள வாங்குது. புள்ளியவே காணோம். ஓரத்துல மட்டும் நல்லா மட்டமா இருக்கும்மா." டாக்டர் அம்மா காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரையில், நடுவாக, வடு விழுந்துவிட்டது என்றும், அதை மாற்ற மருந்து இல்லை என்றும் பொறுமையாகச் சொன்னார்கள். ஓரப் பார்வை இருக்கும், நடமாடலாம், முழு இருட்டு ஆகாது என்றார்கள். "எழுதப் படிக்க, நுணுக்கமா வேலை பாக்க, அதெல்லாம் கஷ்டம்." அவர் எழுந்து கும்பிட்டார். எனக்குக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது. "மெசினக் குடுத்துருவோம்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அப்படிச் செய்தது என் வாழ்க்கையில் அது ஒருமுறைதான்.

மெஷினைக் கொடுக்கவிடாமல் நிறுத்தியது போடிக் கோயில் பிள்ளைகள் கேட்டிருந்த வேலை. கோயில் பிள்ளைகள் என்றால் கிறிஸ்தவ வேதக்கோயில் சபைக்காரர்கள். ஜெபத்துக்கு உட்கார நீளப் பெஞ்சுகள் வேண்டும் என்று மரம் முழுக்க இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு பெஞ்சுக்கும் உட்காரும் பலகை இரண்டு துண்டு ஒட்டு. அவர்களிடம் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வருவதாக அவர் சட்டையை எடுத்து மாட்டினார்.

"மெசினு தள்ள கண்ணு வேணுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். தண்டவாளத்துல அதுவா போகும்."

"கண்ணு வேண்டியது மூட்டுக்கு மட்டும்தான?"

அவர் பதில் சொல்வதற்குள் நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டறைக்குப் போய்ப் பலகை முனையில் குப்புறப் படுத்துவிட்டேன். தெருவில் போனவர்கள் நின்றார்கள். பொம்பளை ஒருத்தி நட்டநடுப் பகலில் குப்புறப் படுத்துக் கிடந்தால் நிற்கத்தானே செய்வார்கள். "என்னத்தா, இப்ப ஒனக்கா மயக்கம்?" என்று ஒரு கிழவி கேட்டாள். நான் தாடையைப் பலகையில் பதித்துக்கொண்டேன்.

ஒரு கண்ணை மூடித் தண்டவாளத்தின் மேல் பார்வையை ஓட்டினேன். இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், அவர் பார்த்தது என்ன என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. விளிம்பு தகதகவென்று ஓடி, மூட்டில் கொஞ்சம் இடறி, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இந்த அழகை அவரால் இனிப் பார்க்க முடியாது என்று நினைத்ததும் கோடு முழுக்கக் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

அவர் கொட்டாப்புளியோடு மூட்டருகே உட்கார்ந்தார்.

"ஒங்க பக்கம் ஒரு தட்டு" என்றேன். தட்டினார். "கூடிப்போச்சு. எம் பக்கம் பாதி."

"பாதின்னா, எம் பாதியா, ஒம் பாதியா?"

"நம்ம பாதி."

தட்டினார். இடறல் மறைந்தது. இரண்டு துண்டும் ஒரே கோடாகப் போயின. "சேந்துருச்சு" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போல்ட்டை முடுக்கினார். முடுக்கி முடித்த பிறகும் நிமிரவில்லை.

பிறகு காடியைத் தண்டவாளத்தில் உட்காரவைத்து மெஷினைத் தள்ளினார். மெஷின் தண்டவாளத்தில் போய்க்கொண்டே இருந்தது. அவர் கண் எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அறுத்த இரண்டு பலகைகளையும் விளிம்போடு விளிம்பு நிறுத்தினோம். வெளிச்சம் துளியும் இல்லை.

"ஒண்ணா நிக்குதுங்க" என்றேன்.

"எனக்காகச் சொல்றியா?"

"சத்தியமா."

அவர் நம்பவில்லை. பலகைகளைக் காற்று வரும் பக்கமாகத் திருப்பி நிறுத்தச் சொன்னார். இந்தப் பக்கம் மண்டிபோட்டு, கன்னத்தை எச்சிலால் ஈரம் செய்து, ஒட்டின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் கன்னத்தை நகர்த்திக்கொண்டே போனார். வெளியே ஆடிக் காற்று தகரத்தைப் பிய்க்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. மறுமுனைக்குப் போய் நிமிர்ந்தார்.

"காத்து வரல" என்றார். அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன். தெருவில் நின்றவர்கள் நாசூக்காக நகர்ந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். வழக்கம்போல் என் காதுப் பக்கம் பார்த்தார். எத்தனையோ மாதமாக அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன். "என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலையா ஒங்களுக்கு?"

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

"நேராப் பாத்தா ஒம் மூஞ்சி இல்லையே, புள்ள. கண்ணு, மூக்கு எதுவும் இல்ல. நடுவுல வெறும் மூட்டமா இருக்கு. காதப் பாத்தாத்தான் ஓரத்துல நீ தெரியுற. சொன்னா ஒனக்குப் பயமாயிரும்னு சொல்லல." சோற்றை மறுபடி பிசைந்துகொண்டே, "நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருந்ததெல்லாம் தெரிஞ்சுச்சு" என்றார்.

என்னைப் பார்ப்பதற்காகத்தான் அந்த மனுஷன் என்னை விட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

பெஞ்சுகளைச் செய்து கொடுத்தோம். அதற்குப் பிறகும் சில வருஷம் நான் படுப்பதும் அவர் தட்டுவதுமாக வேலை நடந்தது. நீள வேலை வந்தால் மட்டும்தான். மற்ற வேலைகள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போயின. முகத்துக்கு நேரே என்னைப் பார்த்தார் என்றால் ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று அர்த்தம். பார்வை காதுக்கு வந்தால் என்னைப் பார்க்கிறார் என்று அர்த்தம். வெளியாட்களுக்கு இது தெரியாது, சொல்லவும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் எழவில்லை. கடைசி நாளில் அவருடைய அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தேன். அவர் முகம் சுவர்ப் பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா தம்பி, இன்னும் என்னடா கோவம்? கட்டுனவள ஒருதடவ நேராப் பாருடா" என்று அழுதுகொண்டே இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்து எனக்கு நேரே திருப்பினாள்.

அவர் கண் தவித்தது. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி அங்கும் இங்கும் ஓடியது. திருப்பிக்கொள்ளக் கழுத்தில் பலம் இல்லை.

நான் நாத்தனாரின் கையை விலக்கினேன். அவர் தாடையில் கை வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கமாகப் பாதித் தட்டு அளவுக்குத் திருப்பினேன். "இவளுக்கு என்ன கிறுக்கா?" என்று அக்கா சொன்னது காதில் விழுந்தது.

"இப்பத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"ம்" என்றார்.